நேர்ச்சாலை

பதினாலு கொண்டை ஊசி வளைவு.
எதிரே லாரி வந்தால்
யார் பின்வாங்குவது என்பது
கண்ணாலேயே முடிவாகிவிடும்.
பத்தொன்பது வருஷத்தில்
அங்கே எனக்குக் கை வியர்த்ததில்லை.

பர்லியாறு தாண்டி, கல்லாறும் தாண்டி,
இரண்டு பக்கமும் பாக்குமரம் நிற்கிற
அந்த நேர்ச்சாலையில்தான் வந்தது.
பிரேக்குக்கு வேலையே இல்லாத இடம்.
மூன்றிலிருந்து நான்காம் கியருக்குப் போன கை
அங்கேயே தங்கிவிட்டது.
டிக்கெட் எடுக்காமல் ஏறியவன்
செக்கிங்கைப் பார்த்துவிட்டதுபோல
முன்படிக்கும் பின்படிக்கும் ஓடியது நெஞ்சு.
மூச்சு பாதி வழியில் நின்றது.
உதடு மரத்தது.
சாகப்போகிறேன் என்று தெரிந்தது,
நாளைக்குச் செவ்வாய் என்று தெரிவதுபோல.

ஓரம் கட்டினேன்.
"டயர்" என்றேன்.
இறங்கி ஆறு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தேன்.
ஆறும் நன்றாக இருந்தன.
கேரட் மூட்டைக்காரர் ஜன்னல் வழியே
"காத்து இறங்கிடுச்சா டிரைவர்?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பொய்யில்லை.

பதினோரு நிமிஷம் என்று
கண்டக்டர் போஜராஜ்
டிரிப் ஷீட்டின் பின்னால் குறித்திருந்தான்.
யாரிடமும் காட்டவில்லை. என்னிடமும்
ஒரு மாதம் கழித்துத்தான் காட்டினான்.

குன்னூரில் ஒரு ஈசிஜி, கோவையில் இரண்டு.
"ஹார்ட் நல்லா இருக்கு" என்றார்கள் மூன்று தடவையும்,
பரிசு கொடுக்கிற முகத்தோடு.
அப்படியானால் வலித்தது யாருக்கு?
டீயைக் குறையுங்கள் என்றார் ஒருவர்.
தேயிலைக்கு நடுவில் வீடு எனக்கு.
எஸ்தர் ஜெபத்துக்குப் பேர் கொடுத்தாள்,
பிறகு யாருக்கும் தெரியாமல்
தலையைச் சுற்றி மிளகாயும் போட்டாள்.
இரண்டுக்கும் இருமினேன்.

கீழேயிருந்து வருகிறவர்கள்
மலையில் இடம் வாங்குவதுபோல
வாங்க ஆரம்பித்தது பயம்.
முதலில் அரை சென்ட்: சலூன் நாற்காலி.
கழுத்தில் துணி கட்டியதும் எழுந்து வந்துவிட்டேன்,
ஒரு பக்க மீசையோடு.
அப்புறம் சர்ச்சில் நடு பெஞ்ச்.
ரேஷன் வரிசை.
மச்சினன் கல்யாணத்தில் இரண்டாம் பந்தி.
கடைசியில் எனக்கென்று மிச்சம் இருந்தது
கதவோரம் மட்டும்.

வளைவில் அது வரவே இல்லை.
அதை யாரிடம் சொல்ல?

நானேதான் டிப்போவில் எழுதிக்கொடுத்தேன்.
ஷெட் டியூட்டி போட்டார்கள். டீசல் பிடிக்கிறேன்.
"ஸ்டியரிங்கைப் பாத்து பயந்துட்டாராம்" என்கிறார்கள்,
ஸ்டியரிங் ஒன்றுதான்
என்னைப் பயமுறுத்தாத பொருள் என்று தெரியாமல்.

ஊட்டி பெரிய ஆஸ்பத்திரி, புதன்கிழமை.
மனநலம் என்று எழுதிய கதவுக்கு வெளியே
என் வண்டி பாதி உட்கார்ந்திருந்தது.
வெலிங்டன் டீச்சர்,
பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று
ஏறிய வண்டியிலிருந்து இறங்கிப் போகிறவர்.
கை கழுவிக் கழுவி
விரல் வெளுத்த பேக்கரிப் பையன்.
சட்டைக் கையை மனைவி பிடித்திருக்க
அந்தக் கேரட்காரர்.
இரண்டு மாதமாக நிலத்தில் இறங்கவில்லையாம்,
கேரட் மண்ணுக்குள்ளேயே வெடிக்கிறதாம்.
மனைவிதான் சொன்னார்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.
கதவோரம் இல்லை அது. நடுவில்.
உட்கார்ந்தேன்.

மாத்திரை ராத்திரி ஒன்று.
அதோடு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார் டாக்டர் அம்மா:
வாரம் ஒருநாள் பயணியாக வண்டியேறி
அந்த நேர்ச்சாலையில் இறங்கி நில்லுங்கள்.
வந்தால் ஓடாதீர்கள்.

போன வியாழன் நின்றேன்.
வெயில். ஒரு நாய். பாக்கு உலர்த்திய தார்ப்பாய்.
வந்தது.
உதடு மரத்தது, கால் என்னுடையதில்லை.
ஓடவில்லை; ஓட முடியவில்லை என்பதும் உண்டு.
வாட்சைப் பார்த்தேன்.
எட்டு நிமிஷம்.
முந்தின வாரம் பதின்மூன்று.
அதனால் எதையும் சொல்லிவிட முடியாது.

மேலே போகிற வண்டியில் உட்கார இடமில்லை.
புது டிரைவர், சின்னப் பையன்.
முதல் வளைவில்
எல்லாரும் கம்பியைப் பிடித்தார்கள்.
நான் பாக்கெட்டில் கைவிட்டு
டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.